முழங்கைக்கு மேல், உள்பக்கம்

பதினோராவது டேக்கும் போயிற்று, மிருதுளா அழவில்லை. உதட்டைப் பிதுக்குகிறாள், முகத்தைச் சுருக்குகிறாள், தோள்கூடக் குலுங்குகிறது, கண் மட்டும் காய்ந்து கிடக்கிறது. காலை எட்டு மணியிலிருந்து நான் கேமராவுக்குப் பின்னால், பெற்றோருக்கென்று போட்ட சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். இப்போது மூன்றரை இருக்கும். வளசரவாக்கத்து இந்த ஸ்டுடியோ ஃப்ளோருக்குள் வெயிலும் கிடையாது பொழுதும் கிடையாது, ஏசியின் உறுமல் மட்டும்தான், அதையும் ஒவ்வொரு டேக்குக்கும் நிறுத்திவிடுகிறார்கள், நிறுத்தியதும் காதுக்குள் என் ரத்தமே ஓடுவது கேட்கிறது. எதிரே ஒரு பள்ளிக்கூட மைதானம். பச்சைக் கம்பளத்தில் புல், அட்டையில் வேப்பமரம், மூன்று வரிசை பெஞ்சு, பெஞ்சில் சீருடை போட்ட பதினாறு பிள்ளைகள். வகுப்பு குரூப் போட்டோ எடுக்கிறார்களாம். மிருதுளா குள்ளம், அதனால் ஓரத்துக்குத் தள்ளுகிறார்கள், ஓரத்திலும் தெரியவில்லை என்று வரிசையை விட்டே வெளியே நிறுத்துகிறார்கள், அவள் அழுதுகொண்டே, நான் எங்க மிஸ் நிக்கட்டும், என்று கேட்க வேண்டும். பிறகு வீட்டில் ஒரு டம்ளர், பாலில் கலந்த பழுப்புப் பொடி, குடித்தால் நடுவரிசைக்கு வந்துவிடுவாள். நாற்பது செகண்டில் இவ்வளவும். என் மகளுக்கு ஆறு வயது, ஆறு வயதுக்கான உயரம் இருக்கிறாள். காலையில் மேக்கப் அறைச் சுவரில் சாய்த்து அளந்துவிட்டு ஒருவர் சொன்னார், கரெக்டா குள்ளமா இருக்கா, இவதான் வேணும் என்று. அவள் கண்ணாடிக்குள்ளிருந்து என்னைத் தேடிப் பார்த்தாள். நேற்றுவரை அவளுக்குத் தான் குள்ளம் என்று தெரியாது. நான் சிரித்தேன். வேறு என்ன செய்திருக்கலாம், அந்த ஆளின் அளவுநாடாவைப் பிடுங்கி அவன் கழுத்தில் சுற்றியிருக்கலாம், இரண்டு சுற்று சுற்றினால் போதும். ஆனால் சிரித்தேன், தேர்வாகிவிட்டாள் என்ற சந்தோஷத்தில்.

ஆதர்ஷ் கோபப்படாமல் இருப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. இயக்குநர், முப்பது வயதுகூட இருக்காது, அரைக்கால் சட்டை, ஒவ்வொரு டேக் முடிந்ததும் மண்டிபோட்டு அவள் உயரத்துக்கு இறங்கி, சூப்பர்டா செல்லம், இன்னும் கொஞ்சம் சோகமா, என்கிறான். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஷெரின் என்று ஒரு பெண் இருக்கிறாள், இடுப்புப்பை நிறைய மிட்டாய். எங்க யூனிட்ல யாரும் குழந்தைங்களத் தொட மாட்டாங்க, சத்தம்கூடப் போட மாட்டாங்க, இப்பல்லாம் ரூல்ஸ் இருக்கு என்று அவள் வந்ததுமே சொல்லிவிட்டாள். நான் தலையாட்டினேன், அப்போது என் இடது தொடை ஒருமுறை தானாகத் துடித்தது. ஏழாவது டேக்கில் கிளிசரின் போட்டுப் பார்த்தார்கள். கண்ணில் தண்ணீர் கொட்டியது, அவள் எரியுது எரியுது என்று பெஞ்சுப் பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ஆதர்ஷ் மானிட்டரைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னான், கண்ணு அழுது, வாய் அழல. அதை நான் முன்பே கேட்டிருக்கிறேன். ஏறக்குறைய அதே வார்த்தைகள், வேறு ஃப்ளோர், கோடம்பாக்கம், மேலே பரணில் பெரிய விளக்குகள் அனல் கக்க ஃபேன்கூட இல்லாத ஒரு மத்தியானம். எனக்கு அப்போது ஏழு வயது. அப்பா தணிகாசலம் அங்கே லைட்மேன். ஒரு பிஸ்கட் விளம்பரம். அண்ணன் பரீட்சையில் முதலாவதாக வந்ததற்கு அம்மா அவனுக்கு ஒரு பாக்கெட் கொடுப்பாள், தம்பி பார்த்துக்கொண்டே நின்று, எனக்கு இல்லையாம்மா, என்று அழுவான், அம்மா முந்தானைக்குள்ளிருந்து இன்னொரு பாக்கெட் எடுப்பாள். தம்பியாக நடிக்க வந்த பையனுக்குப் பொன்னுக்கு வீங்கி, கன்னம் பலாச்சுளை மாதிரி ஆகிவிட்டது. எம் பையன் இருக்கான் சார் என்று அப்பா பரணிலிருந்தே குரல் கொடுத்தாராம். மூன்றாவது பீரியடில் வந்து என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து தூக்கிக்கொண்டு போனார். எனக்கு எதற்கு அழுகை வரும், அவ்வளவு வெளிச்சம், அவ்வளவு பிஸ்கட், சினிமாவில் பார்த்த ஒரு அம்மா பக்கத்தில் நிற்கிறாள். ஒரு மணி நேரம் போயிற்று. மேலேயிருந்து இறங்கி வந்த அப்பா என்னைக் கறுப்புத் துணிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பூபாலா, உங்கம்மா செத்துட்டாடா, என்றார்.

நான் நம்பவில்லை. காலையில் அம்மாதானே தலை சீவிவிட்டாள். நம்பவில்லை என்பது என் முகத்தில் தெரிந்திருக்கும், அறை விழுந்தது. சூடான விளக்குகளைத் தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன உள்ளங்கை, பலகையால் அடித்த மாதிரி இருந்தது, காதில் ஒரு விசில் கிளம்பி நிற்காமல் ஊதியது. அப்புறம் நிக்கருக்குள் கைவிட்டு இடது தொடைச் சதையைப் பிடித்தார், விளக்கின் திருகை முறுக்குவாரே அந்த மாதிரி ஒரு முறுக்கு, நிறுத்தி இன்னொரு முறுக்கு. முறுக்கும்போது அவர் வாய் கோணிக்கொண்டு போயிற்று, அவருக்கே வலிப்பது போல. என்னைத் தூக்கிக்கொண்டு ஓடி, தரையில் சாக்பீஸால் போட்ட குறியில் நிறுத்திவிட்டு, பரணில் ஏறிக்கொண்டார். நான் அழுதேன். எனக்கு இல்லையாம்மா. ஒரே டேக். அந்த விளம்பரத்தைப் பார்த்தவர்கள், பிள்ளை எப்படி அம்மாவையே பார்க்கிறான் என்று சொல்லுவார்கள். உற்றுப் பார்த்தால் தெரியும், என் கண் அம்மாவின் தலைக்கு ஒரு சாண் மேலே பார்க்கும். அங்கேதான் விளக்கு, விளக்குக்குப் பின்னால் அப்பா. முடிந்ததும் ஒருவருக்கும் சொல்லாமல் வெளியே ஓடினேன், ஸ்டேஷன் ரோடு முழுக்க ஓடினேன், ஒரு ரிக்‌ஷாக்காரர் மேல் மோதி எழுந்து ஓடினேன், வீட்டில் அம்மா கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தொட்டுப் பார்த்தேன். என்னடா மூஞ்சில பவுடர் என்று கேட்டாள். அப்புறமும் பல நாள் அவள் தூங்கும்போது மூக்கருகே கைவைத்துப் பார்த்தேன். அப்பா என்னை அடித்தது அந்த ஒரு நாள்தான். அதற்கு முன்னும் இல்லை பின்னும் இல்லை, சாகிறவரை என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை, அதுதான் எனக்கு விளங்கவே இல்லை, அடிக்கிற மனுஷராக இருந்திருந்தால் மறந்திருப்பேன்.

பன்னிரண்டாவது டேக். எல்லாரும் அமைதியாகிறார்கள். நான் எங்க மிஸ் நிக்கட்டும். குரல் நன்றாக உடைகிறது, கண் உடையவில்லை. கட். ஏசி மறுபடியும் உறும ஆரம்பிக்கிறது. பெஞ்சில் ஒரு பையன் பசிக்கிறது என்கிறான், அவன் அம்மா என் பக்கத்து நாற்காலியிலிருந்து அவனைப் பார்த்துப் பல்லைக் கடிக்கிறாள், பிறகு என்னைப் பார்க்கிறாள், உன் பெண் அழாததால்தானே என்று அந்தப் பார்வை கேட்கிறது. கேட்கட்டும். பிள்ளைகள் என்னை இதைவிட மோசமாகப் பார்த்திருக்கிறார்கள். பிஸ்கட் விளம்பரம் டிவியில் வந்தது, ஞாயிற்றுக்கிழமை படத்துக்கு நடுவில் நாலு தரம் வரும், தெருவே என் பேரை மறந்துவிட்டது. எனக்கு இல்லையாம்மா எங்கேடா போறே. எனக்கு இல்லையாம்மா வந்துட்டான் பாரு. சந்து சந்தாகப் பிள்ளைகள் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டன, எதைப் பார்த்தாலும் அதே இழுப்பு, அதே மூக்கடைத்த குரல், பெற்றவர்களுக்குப் பைத்தியம் பிடித்தது. என் வகுப்பில் ஏழுமலை என்று ஒருவன், கடைசி பெஞ்சு, அவன் அப்பாவுக்கு மரவாடியில் மூட்டையும் மரமும் சுமக்கிற வேலை. ஒரு நாள் மத்தியானம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் என்னை இழுத்துக்கொண்டு போய்ச் சட்டையைத் தூக்கிக் காட்டினான். முதுகில் தடித்தடியாக மூன்று கோடு, ஒன்று வெடித்து ஈரமாக இருந்தது, சட்டை அதில் ஒட்டிப் பிய்ந்து வந்தது. கடையில் அந்த பிஸ்கட்டைப் பார்த்து, எனக்கு இல்லையாப்பா, என்று என்னைப் போலவே கேட்டானாம், என்னைப் போலவே மூக்கை உறிஞ்சினானாம். கடைக்காரர் சிரித்துவிட்டார். நாலு பேர் முன்னால் அப்பாவுக்கு அவமானமாகிவிட்டது. வீட்டுக்குக் கூட்டிப்போய் சைக்கிள் டியூபை எடுத்தாராம். உன்னாலதாண்டா, என்றான் ஏழுமலை. என் தலைமயிரைப் பிடித்துத் தொட்டிக் குழாயில் மோதினான். ஒரு தரம், இன்னொரு தரம். முன்பல் உடைந்து நாக்கில் கிடந்தது, உப்பாக, மண்ணாக, குழாயின் துருவும் ரத்தமும் ஒரே ருசி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வாயைத் திறந்தேன். அழுதே, கொன்னுடுவேன், என்றான். அவன் கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நான் அழவில்லை. அதற்கப்புறம் அனேகமாக நான் அழுததே இல்லை, அப்பா போனபோதுகூட எரிமேடைக்குப் பக்கத்தில் கல்லாக நின்றேன், சொந்தக்காரர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

இதெல்லாம் தெரிந்தவன் ஏன் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன். கேட்டால் மனைவி சுகன்யாவின் மேல் போடலாம், அவள்தான் சித்தி மகள் மூலமாகப் போட்டோவை அனுப்பினாள் என்று சொல்லலாம். மிருதுளாதான் ஆசைப்பட்டாள் என்றும் சொல்லலாம், அது உண்மைதான், நடக்கப் பழகியதிலிருந்து டிவியில் நாடகம் வந்தால் ஓடிப்போய் விளையாடுவாள், விளம்பரம் வந்தால் ஓடிவந்து நிற்பாள், ஷாம்பு அக்கா மாதிரி தலையைச் சிலுப்புவாள், சோப்பு அக்கா மாதிரி கன்னத்தைத் தடவி அம்மாவின் கையோடு தன் கையை வைத்து நிறம் பார்ப்பாள். நான் வேலை செய்கிற ஸ்கேன் சென்டருக்கு, அங்கே நான் எக்ஸ்ரே எடுக்கிறவன், போன வருஷம் எட்டு வயதுப் பையன் ஒருவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ரெண்டு டம்ளர் சத்துப்பொடி குடித்துவிட்டு மொட்டைமாடி தண்ணீர் டேங்கிலிருந்து குதித்திருக்கிறான், விளம்பரத்தில் ஒரு பையன் குடித்ததும் காம்பவுண்டைத் தாண்டுகிறானாம். ரெண்டு குதிகால் எலும்பும் நொறுங்கி, படத்தில் உடைத்த கடலைமிட்டாய் போலத் தெரிந்தது. அசையாதே என்று பிடித்துக்கொண்டேன், அவன் அலறவில்லை, என்னிடம் மெதுவாகக் கேட்டான், அங்கிள், ஒரு டம்ளர் கம்மியா குடிச்சிட்டேனா. அந்த ராத்திரிதான் சுகன்யா போட்டோவை அனுப்பட்டுமா என்று கேட்டாள். அனுப்பு என்றேன். ஏன் சொன்னேன். நாற்பத்தொரு வயதில் என்னை யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது எக்ஸ்ரே வேலையை அல்ல, சின்ன வயசுல ஒரு விளம்பரத்துல நடிச்சிருக்கேன் என்பதைத்தான். கேட்டவர்கள் எனக்கு இல்லையாம்மாவா, நீங்களா, என்று வாயைப் பிளக்கும்போது உடைந்து கட்டிய இந்தப் பல்லைக் காட்டிச் சிரிப்பேன். அடியையும் ஏழுமலையையும் சுகன்யாவிடம்கூடச் சொன்னதில்லை. சிரிப்பைத்தான் சொல்லியிருக்கிறேன்.

ஆதர்ஷ் என்னை நோக்கி வருகிறான். வராதே. இந்த லைட் ஸ்டாண்டின் மணல்மூட்டையைக் காலால் நகர்த்தினால் போதும், அது எந்தப் பக்கம் சாயும் என்று லைட்மேன் மகனுக்குத் தெரியும், மண்டையோடு எங்கே விரியும் என்று எக்ஸ்ரேக்காரனுக்குத் தெரியும். வந்து என் நாற்காலி அருகேயும் மண்டிபோடுகிறான். சார், நாலரைக்கு இந்தப் பசங்களை விட்டாகணும், ரூல், என்கிறான். பாப்பாகிட்ட எல்லாம் இருக்கு, ஒரு சின்ன தள்ளு வேணும், நாங்க எதுவும் பண்ணக்கூடாது, நீங்க ரெண்டு நிமிஷம் பேசிப் பாருங்க, அவளுக்கு எது சோகமோ அது பெத்தவங்களுக்குத்தான தெரியும். குரலில் அவ்வளவு மரியாதை. இல்லையென்றால் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை, ஆனால் சுவரோரம் இன்னொரு சின்னப்பெண் அதே சீருடையில் உட்கார்ந்திருப்பதை இருவரும் பார்த்தோம், காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறாள், அவள் அப்பா அவள் காதில் ஏதோ சொல்லிக்கொண்டே இருக்கிறார். நான் எழுந்தேன். எழுந்தது யார் என்று யோசிக்க நேரமில்லை. மிருதுளாவின் கையைப் பிடித்துக்கொண்டு செட்டின் ஓரத்துக்குப் போனேன், ஷெரின் கறுப்புத் துணியை விலக்கிவிட்டாள், இங்கேயும் கறுப்புத் துணிதான், உள்ளே கேபிள் சுருள்களும் பெயின்ட் வாசனையும். குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் பார்த்தால் அவள் முகத்தில் பவுடர் திட்டுத்திட்டாக இருந்தது, மேலுதட்டில் மயிர்க்கால் வியர்த்திருந்தது. அப்பா, எனக்கு வரவே மாட்டேங்குது, என்றாள். அவளுக்கே அது வெட்கமாக இருந்தது. சோகமா ஏதாவது நினைச்சுக்கோ என்றேன். நினைச்சேன், ஸ்கூல்ல ரப்பர் தொலைஞ்சதை நினைச்சேன், அது பத்தல, என்றாள். என் தொண்டையில் ஒரு வாக்கியம் ஏறியது. உங்கம்மா, என்று தொடங்குகிற வாக்கியம். நாக்கின் நுனிவரை வந்துவிட்டது, அதன் எடைகூடத் தெரிந்தது, பல்லைக் கடித்து விழுங்கினேன், விழுங்கிவிட்டேன், நான் அப்பா இல்லை, என் மகளிடம் அதைச் சொல்லவில்லை, நெஞ்சு முழுக்க ஒரு நிம்மதி பரவியது, அந்த நிம்மதியில் நான் என் வாயைத்தான் காத்துக்கொண்டிருந்தேன், கை போய்விட்டது. முழங்கைக்கு மேல், உள்பக்கம், சட்டைக்கை மறைக்கிற இடம், மேக்கப் வேண்டாத இடம், அங்கே தோல் பால் ஆடை மாதிரி இருக்கும், நரம்பு மேலாக ஓடும். யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நேராக அங்கே போய் நகம் இறங்கும்படி பிடித்து முறுக்கின. நிறுத்தி, இன்னொரு முறுக்கு.

அவள் கத்தவில்லை. கண் பெரிதாகிப் பெரிதாகி என் முகத்தில் எதையோ தேடியது. கூட்டத்தில் வேறு யார் விரலையோ பிடித்துக்கொண்டு வந்துவிட்ட குழந்தை அண்ணாந்து பார்க்குமே, அந்தப் பார்வை. பிறகு வாய் போயிற்று, கீழுதடு தனியாகக் கழன்றது, அப்புறம்தான் கண். அந்தக் கணத்துக்காகவே காத்திருந்தவள் போல ஷெரின் துணியை விலக்கி அவள் கையைப் பிடித்துக்கொண்டு போனாள், எதுவும் கேட்கவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. ஏசி நின்றது. ரோலிங் என்றார்கள். நான் துணிக்குப் பின்னாலேயே நின்றேன், இடுக்கில் தெரிந்தாள். நான் எங்க மிஸ் நிக்கட்டும். அது நடிப்புக்கான வாக்கியமாகவே இல்லை, நிற்பதற்கு உலகத்தில் ஓரிடம்கூட இல்லாதவள் கேட்கிற கேள்வியாக இருந்தது. பெஞ்சில் ஒரு பெண்குழந்தை நிஜமாகவே அழ ஆரம்பித்துவிட்டது. மேக்கப் போடுகிற அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மிருதுளாவின் கண் கேமராவையும் பார்க்கவில்லை, மிஸ்ஸையும் பார்க்கவில்லை, துணி இடுக்கில் இருந்த என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. கட், ஓகே, என்றான் ஆதர்ஷ், குரல் கம்மியிருந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். ஏதோ சத்தம் மிகப் பக்கத்தில் கேட்கிறதே என்று பார்த்தேன், நானும் தட்டிக்கொண்டிருந்தேன்.

அவள் துள்ளிக்கொண்டு வந்தாள். கன்னம் இரண்டும் நனைந்து பவுடரில் ஆறு ஓடியிருந்தது, அதற்கு நடுவில் சிரிப்பு. நல்லா வந்துச்சாப்பா, என்று கேட்டாள். வந்தது என்றேன். அந்த அங்கிள் அழுதுட்டாரு, பாத்தியா, இன்னொரு டேக் கேக்கறாங்க, சேஃப்டிக்கு, என்றாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவள் மற்ற கையின் சட்டையைச் சுருட்டி மேலே ஏற்றினாள், பள்ளிக்கூடத்தில் நர்ஸ் ஊசி போட வந்தால் காட்டுவது போல அவ்வளவு சாதாரணமாக நீட்டினாள்.

"இந்தக் கைல கிள்ளுப்பா. அந்தக் கைல வலி இருக்கு, ஆனா அழுகை போயிடுச்சு."

என்ன செய்கிறேன் என்று தெரிவதற்குள் அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டேன். கறுப்புத் துணி காலில் சுற்றியது, உதைத்தேன், ஏதோ சரிந்து விழுந்தது. செட்டைத் தாண்டித்தான் கதவு, பச்சைக் கம்பளத்தில் ஏறி நடந்தேன், பெஞ்சுப் பிள்ளைகள் இரண்டாகப் பிரிந்தார்கள். முதலில் அவளுக்குப் புரியவில்லை, விளையாட்டு என்று நினைத்துக்கொண்டாள். கதவைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. விடு, நான் நடிக்கணும், விடு. முழங்கால் என் விலாவில் இறங்கியது, கைமுட்டி மூக்கில் இறங்கியது, கண்ணுக்குள் வெள்ளையாக ஒன்று வெடித்தது, மேலுதட்டில் சூடாக வழிந்தது, தோளில் கடித்தாள், சட்டையோடு சேர்த்துக் கடித்தாள், கடித்த வாயிலேயே அழுதாள், இத்தனை நேரம் வராத அழுகையெல்லாம், அடிவயிற்றிலிருந்து, எச்சில் ஒழுக. அப்போதுதான் கவனித்தேன், ஏசி நின்றிருந்தது. என் பின்னால் அந்த அமைதி, கேமரா ஓடும்போது மட்டும் வருகிற அமைதி. தோளில் கிடக்கிறவளின் முகம் எந்தப் பக்கம் இருக்கும். நான் நடக்க நடக்க அவள் முகத்தை அவர்களுக்குக் காட்டிக்கொண்டே போகிறேன். திரும்பிவிட்டேன். அவள் முகம் சுவருக்குப் போனது, என் முகம் அவர்களுக்கு. கேமராவுக்குப் பக்கத்தில் ஆதர்ஷ் வாயில் விரலை வைத்துக்கொண்டு நின்றான், மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். மூக்கிலிருந்து ரத்தம் சட்டையில் சொட்ட, பின்பக்கமாக, காலால் கேபிள்களைத் தடவித் தடவி நடந்தேன். கதவு முதுகில் இடித்தது. முதுகாலேயே தள்ளினேன்.

வெளியே வெயில் இருந்தது, அது இவ்வளவு நேரமும் இருந்திருக்கிறது. ஜெனரேட்டர் வேன் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது, குழாயடியில் இரண்டு பேர் சாம்பார் அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தார்கள், என்னைப் பார்த்துவிட்டு அண்டாவைப் பார்த்தார்கள். அவளை வேன் நிழலில் இறக்கினேன். உடனே ஓடப்போனாள், பிடித்துக்கொண்டேன், பிடித்தது அந்தக் கை, விட்டுவிட்டேன். அவள் ஓடவில்லை. கொஞ்ச நேரத்தில் ஷெரின் வந்தாள், மிருதுளாவின் செருப்பும் தண்ணீர் பாட்டிலும் கையில், என் மூக்கைப் பார்த்து டிஷ்யூ எடுத்துக் கொடுத்தாள். முதலில் அழுத டேக்கே போதுமாம், ஆதர்ஷ் சொல்லிவிட்டானாம், ரொம்ப அழகாக வந்திருக்கிறதாம். அதைப் போடக்கூடாது என்றேன். அழித்துவிடச் சொன்னேன், நான் என்ன செய்தேன் என்று உங்களுக்குத் தெரியுமா என்றும் கேட்டேன், என் குரல் எனக்கே பெண்குரல் போல ஒலித்தது. அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். காலையில் கையெழுத்துப் போட்டதை நினைவுபடுத்தினாள், கோபத்தில் எதுவும் முடிவெடுக்க வேண்டாம் என்றாள். செருப்பைக் கீழே ஜோடியாக வைத்துவிட்டு, போகிறபோது தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"எல்லா அப்பாவும் செய்யறதுதான் சார். நீங்க ஏன் இவ்ளோ பண்றீங்க."

எல்லா அப்பாவும். நாற்பது செகண்டு, எத்தனை சேனல், எத்தனை தரம், எத்தனை ஊர். எங்கேயோ ஒரு வகுப்பில் கடைசி வரிசைக் குள்ளப்பெண் ஒருத்தியைத் தள்ளிவிட்டு, நான் எங்க மிஸ் நிக்கட்டும் என்று பிள்ளைகள் கோரஸ் போடும். அவள் வீட்டுக்குப் போய் அந்தப் பொடியைக் கேட்பாள், மிருதுளாவின் குரலிலேயே கேட்பாள். கேட்டால் என்ன கிடைக்கும் என்பது அவள் அப்பாவின் அன்றைய நாளைப் பொறுத்தது. இதை யாரிடம் போய்ச் சொல்வது, இந்த வேனிடம் சொல்லலாம், அண்டா கழுவுகிறவர்களிடம் சொல்லலாம். மண்டிபோட்டேன். சட்டைக்கையை ஏற்றிப் பார்த்தேன். கருநீலமாகக் கட்டியிருந்தது, நடுவில் நகம் இறங்கின இடத்தில் இரண்டு பிறை, ஒன்றில் ரத்தம் புள்ளியாக நின்றது. அப்பா செஞ்சது தப்பு, என்றேன். இனிமே எப்பவும் செய்ய மாட்டேன், சத்தியமா. இதைச் சொல்ல முப்பத்து நான்கு வருஷம் ஆகியிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது, யார் யாரிடம் சொல்ல வேண்டியது என்பது கொஞ்சம் குழம்பிவிட்டது. அவள் விக்கல் எடுத்துக்கொண்டே கேட்டாள். என்னை மன்னித்தாளா என்று பார்த்தேன், அவள் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள், புருவம் சுருங்கியிருந்தது, கணக்குப் போடும்போது சுருங்குமே அப்படி.

"அப்போ அடுத்த தடவை நான் எப்படி அழுவேன்?"

அடுத்த தடவை கிடையாதும்மா என்றேன், மெதுவாகத்தான் சொன்னேன், ஜெனரேட்டர் சத்தத்தில் கேட்டிருக்காது. அவள் காத்திருந்து பார்த்துவிட்டு என்னைத் தாண்டிப் போனாள். வேனின் ஓட்டுநர் பக்கக் கண்ணாடிக்குக் கீழே, ஏறுகிற படியில் ஒரு காலை வைத்து எம்பிப் பிடித்துக்கொண்டாள், முகம் தெரிகிற உயரம் வந்துவிட்டது. கன்னத்தைப் புறங்கையால் துடைத்துச் சுத்தம் செய்தாள். வலது கையை இடது கைக்கு உள்பக்கமாகக் கொண்டுபோய், அந்தக் கருநீலத்தின் மேலேயே, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சரியாக வைத்து முறுக்கினாள். நான் எழுந்து ஓடி அந்த விரல்களைப் பிடித்தேன். ஆறு வயது விரலுக்கு இவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை, ஒன்றைப் பிரித்தால் இன்னொன்று போய்ப் பற்றிக்கொள்கிறது, அதிகம் இழுத்தால் தோல் கிழிந்துவிடும். கண்ணாடிக்குள் அவள் உதடு மெல்ல நடுங்க ஆரம்பித்தது. விடும்மா, விட்டுடு, என்று கெஞ்சினேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை.

"இருப்பா, வருது," என்றாள்.